சகலையின் வெள்ளை மணல்

சந்திரசேகரின் மீன் தொட்டியில் மணல் சிவக்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆயிற்று. முதலில் ஒரு மூலையில் காசளவு கறை. பிறகு ஈர வெல்வெட் துணியை விரித்துப் போட்டதுபோல மணல் முழுக்கப் படர்ந்தது. காலையில் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பான். சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து பார்த்தால் மறுபடி சிவந்து கிடக்கும். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தான், தீனியைக் குறைத்தான், கேன் தண்ணீரில் உப்புக் கலந்து வாரம் இருமுறை மாற்றினான். எதற்கும் மசியவில்லை.

அஸ்தம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவனுக்குத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அந்தத் தொட்டியைத் தவிர ஒன்றுமில்லை. ஆறு வருடத்துக்கு முன்பு சென்னையிலிருந்து பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்த ஒரு ஜோடி கோமாளி மீன் இன்னும் அதில் நீந்திக்கொண்டிருந்தது. கடலே இல்லாத ஊரில் கடல் மீனை ஆறு வருடம் உயிரோடு வைத்திருந்தான். அவ்வளவுதான் அவன்.

அதைப் பார்த்துத்தான் சகலை முருகானந்தத்துக்கும் ஆசை வந்தது. மனைவி மஞ்சுளாவின் தங்கையைக் கட்டியவன். நாமக்கல்லில் கோழிப்பண்ணை, நாற்பதாயிரம் கோழி. சந்திரசேகர்தான் போய் வைத்துக் கொடுத்தான். சகலை கேட்ட அளவு இவனுடையதைப் போல இரண்டு மடங்கு.

சந்திரசேகரின் மகளுக்குக் காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை. போன வாரமே போனில் சொல்லியிருந்தாலும் நேரில் போய் அழைப்பதுதான் முறை. வருவதாகத் திங்கட்கிழமையே சொல்லிவிட்டு, புதன்கிழமை காரை எடுத்தான். வழியில் ராசிபுரத்தில் மாமனார் மாரியப்பனும் ஏறிக்கொண்டார்.

பண்ணை அலுவலக அறைக்குள் நுழைந்ததும் தொட்டிதான் கண்ணில் பட்டது. மணல் அரிசி மாவு மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஒரு புள்ளி கறை இல்லை.

"இது தொட்டி!" என்றார் மாரியப்பன். "உங்களுது என்னுங்க மாப்ள, சாயப்பட்டறைச் சாக்கடையாட்ட இருக்குது."

"சகலை வெச்சுக் குடுத்ததுதானுங்க மாமா" என்று சிரித்தான் முருகானந்தம்.

அவன் பெருமை அடித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்தப் பணிவுதான் சந்திரசேகருக்குப் பொறுக்கவில்லை. எப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தான் கற்றுக்கொடுத்தவனிடம் போய்க் கேட்பதா?

முருகானந்தம் டீ சொல்லப் போனான். மாமனார் கோழி பார்க்கப் போனார். தொட்டிக்குப் பக்கத்து மேசையில் பிரித்த ஒரு பொட்டலம் இருந்தது. கோழிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் ஆன்டிபயாடிக். சிவப்புப் படலம் செடியல்ல, ஒருவகைக் கிருமி என்று சந்திரசேகர் வீடியோக்களில் பார்த்திருந்தான். கிருமி என்றால் மருந்து. சகலையின் ரகசியம் இதுதான். பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். டீயை முழுதாகக் குடிக்கவில்லை.

பொட்டலத்தில் கோழிக்கான அளவு மட்டும்தான் போட்டிருந்தது. மீன் கோழியைவிடச் சிறியது என்று கணக்குப் போட்டு, வெள்ளிக்கிழமை காலை பாதியைத் தொட்டியில் கொட்டினான்.

சனிக்கிழமை படலம் தோல் உரிவதுபோல உரிந்து மிதந்தது. அழுக்கை நுரையாக வெளியேற்றும் கருவி பொங்கி, டைல்ஸில் வழிந்தது. விருந்தாளி வரும் வீடு. கருவியைப் பிடுங்கி வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மணல் வெள்ளை.

"ஏனுங்க, மீனு ரெண்டும் மேலயே நிக்குது?" என்றாள் மஞ்சுளா.

"பசிக்குது."

"பசிச்சா இப்படியா வாயப் பொளக்கும்?"

"உன் தங்கச்சி ஊட்டுல வந்துருவாங்க. போயி வேலையப் பாரு."

முருகானந்தம் காதுகுத்துக்கு வந்தவன் பிள்ளையைக்கூடப் பார்க்காமல் நேராகத் தொட்டியிடம் போனான். மணலைப் பார்த்தான். அவன் முகம் ஒரு நொடி செத்துப்போனது. அந்த ஒரு நொடிக்காகத்தான் சந்திரசேகர் புதன்கிழமையிலிருந்து காத்திருந்தான். பிறகு முருகானந்தம் குனிந்தான்.

"சகலை, பெருசு எங்கீங்க?"

பெரிய மீன் பாறைக்குப் பின்னால் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. செவுள் அசையவில்லை. சின்னது நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது.

"என்னுங்க போட்டீங்க?"

சந்திரசேகர் பொய் சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. அலமாரியிலிருந்து மிச்சப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான்.

"இது எங்கூட்டுக் கோழி மருந்துங்களே!"

"உன் தொட்டிக்கு நீ போடலியா?"

"சீக்கு வந்த கோழிக்கு வாங்கி வெச்சதுங்க. இதப் போயி தொட்டிக்குப் போடுவாங்களா?" முருகானந்தம் வேட்டியை மடித்துக் கட்டினான். "படலம் பூராச் செத்துத் தண்ணியில இருந்த காத்தையெல்லாம் தின்னுருச்சு. அந்தக் கருவிய மாட்டுங்க. உப்புத் தண்ணி கலக்கி வெச்சிருக்கீங்களா?"

இருவரும் பக்கெட் பக்கெட்டாகப் பழைய தண்ணீரை எடுத்துப் புதியதை ஊற்றினார்கள். வெளியே பந்தலில் பிள்ளை காது வலித்து அலறியது. மஞ்சுளா இரண்டு முறை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனாள். சந்திரசேகர் செத்த மீனைக் கையில் எடுத்தான். ஆறு வருடம். உள்ளங்கையில் எடையே இல்லை.

"அப்ப உன் மணலு?" என்று கேட்டான்.

முருகானந்தம் பக்கெட்டை இறக்கி வைத்தான். அவன் காது சிவந்திருந்தது.

"பூரா வாரிக் கொட்டிப்போட்டு, செவ்வாக்கெழமதானுங்க புது மணல் போட்டேன். நீங்க வாரேன்னு சொன்னீங்களா, உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு… இப்ப மறுபடி மூலையில வந்துருச்சு."

"எத்தன நாளா செவப்பு?"

"மூணு மாசமாங்க."

சந்திரசேகர் தலையை ஆட்டினான். செத்த மீனை ஒரு காகிதத்தில் சுற்றினான். மீனுக்காக அழுகை வர வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். வரவில்லை. சகலைக்கு மூன்று மாதம், தனக்கு இரண்டு மாதம்தான் என்பது மட்டும் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது.