நூல் பிடித்த வரப்பு

சின்னவளுக்கு அக்கா கொடுத்தது ஒரே ஒரு மழை.

"அடுத்த மழைக்கு நம்ம நிலத்துல தண்ணி நிக்கணும். நின்னா சோளமோ என்ன கர்மமோ போட்டுக்க. நிக்கலைன்னா செங்கல் சூளைக்காரனுக்கு விட்டுடுவேன். அவனாவது மண்ணைத் தோண்டிப் பொழச்சுக்கட்டும்."

நிலம் அக்கா தங்கை இருவருக்கும் பொதுதான். ஆனால் வீட்டில் வாய் அக்காவுடையது.

அந்தச் சீமையில் மழை பெய்வதே அபூர்வம். பெய்தாலும் தண்ணீர், பந்தியில் சாப்பிட்டு எழுந்தவன் மாதிரி திரும்பிக்கூடப் பார்க்காமல் சரிவில் இறங்கி ஓடைக்குப் போய்விடும். அதை மறிக்கத்தான் சின்னவள் வரப்பு போடக் கிளம்பினாள். அக்கா புருஷன் கொத்தனார். அவர் மட்டம் பார்க்கும் ட்யூபை வாங்கித் தண்ணீர் ஊற்றி, இரண்டு முனையிலும் தண்ணீர் சமமாக நிற்கும் இடமாகத் தேடித் தேடிக் குச்சி அடித்தாள். மேடு வந்தால் குச்சி கீழே இறங்கியது, பள்ளம் வந்தால் மேலே ஏறியது.

கொத்தனார் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"ஏம்மா, குடிச்சிட்டா குச்சி அடிச்ச?"

"அது அப்படித்தான் மாமா வளையணும். எல்லாக் குச்சியும் ஒரே மட்டம். அப்பதான் தண்ணி ஓடாம நிக்கும்."

"இதை நான் கட்டினேன்னு வெளிய தெரிஞ்சா எவன் என்னைச் சுவர் வைக்கக் கூப்பிடுவான்?"

"யாரும் உங்க பேரைத் தேடப் போறதில்ல. குச்சி மேலயே மண்ணைப் போடுங்க."

சொல்லிவிட்டு விதை வாங்க டவுனுக்குப் பஸ் ஏறினாள். கோணலைக் கண்டால் சோறு இறங்காத மனுஷனிடம் நிலத்தை விட்டுவிட்டுப் போனதுதான் அவள் செய்த தப்பு.

திரும்பி வந்தவள் விதை மூட்டையை அப்படியே கீழே போட்டாள். நிலத்தின் கீழ்ப்பாதி வரப்பெல்லாம் ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு. ஓரம் சீவி, கரணையால் தேய்த்து, மழமழவென்று. குச்சிகள் ஒரு மூலையில் விறகாகக் கிடந்தன. மேல்பாதி மட்டும் அவள் அடித்தபடி கோணலாக இருந்தது.

"மாமா! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"கோவிச்சுக்காத. பாதியில நூல் அறுந்து போச்சு, அதான் மேல உன் குச்சி மேலயே மண்ணைப் போட்டுட்டேன். நாளைக்குப் புது நூல் வாங்கி மேலயும் நேராக்கித் தரேன்."

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். இடி முந்திக்கொண்டது.

நிலத்தைப் பார்க்க வந்த அக்காவும் சேர்ந்து, மூன்று பேரும் பம்ப்செட் கொட்டகையில் ஒதுங்கினார்கள். அக்கா கீழே கை காட்டினாள்.

"அந்த அழகான வரப்பு யாரு வேலை?"

"நம்ம கைதான்," என்றார் கொத்தனார், நனைந்த மீசையைத் தடவியபடி.

"மேல இருக்கிற கண்றாவி?"

"அது உன் தங்கச்சி டிசைன்."

கீழ்ப்பாதியில் தண்ணீர் அழகான வரப்பைத் தொட்டது, ஒட்டியே ஓடியது, பள்ளமான இடத்தில் மொத்தமாகச் சேர்ந்தது. வரப்பு ஒருமுறை உப்பியது. அடுத்த நிமிடம் மழமழப்பெல்லாம் ஓடையில். அடுத்த வரப்பு, அதற்கடுத்தது, வரிசையாகப் போயின.

"சிமெண்ட் கலந்திருக்கணும்," என்று முனகினார் கொத்தனார்.

மழை விட்டதும் அக்கா மேல்பாதிக்கு ஏறினாள். கோணல் வரப்புகளுக்குப் பின்னால் தண்ணீர் தட்டுத் தட்டாக நின்றது. காலை வைத்தாள். கணுக்கால் வரை இறங்கியது. செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

"என்னடி இது, செருப்பையே தர மாட்டேங்குது?"

"தண்ணியையும் தராது," என்றாள் சின்னவள்.

அக்கா செருப்பைப் பிடுங்கினாள்.

"சரி. சோளம் போடு."

"கீழ்ப்பாதி? சூளைக்காரனுக்கா?"

அக்கா சேற்றுச் செருப்பைப் புருஷன் பக்கம் நீட்டினாள்.

"அவன் எதுக்கு? இவரு அதைக் கோணலாக்கிட்டு வந்துதான் சோத்துல கை வைப்பாரு."

மண் கொஞ்சம் இறுகியதும் கொத்தனார் மண்வெட்டியோடு இறங்கினார். சின்னவள் மறுபடி குச்சி அடித்துக்கொண்டே முன்னால் போனாள்.

"போதுமா வளைஞ்சது?"

"இன்னும் மாமா."

"இன்னுமா?" அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கூடை மண்ணைக் கொட்டினார். "ரோட்டுல எவனாவது கேட்டா, நான் ஊர்லயே இல்லன்னு சொல்லிடு."