காமா ஆற்றோடு போன ஆட்டுக்குட்டி

துக்க விருந்துக்காக அடுப்பில் ப்ளினி தோசை புரட்டிக்கொண்டிருந்த ரிம்மா, வாசல் மணி கேட்டு மாவுக் கையோடு ஓடினாள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வீடு கொள்ளாத கூட்டம். கதவைத் திறந்தால், அதே கட்டடத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர். முன்னால் நின்றவள் மூன்றாம் மாடி உஸ்தின்யா.

"டாக்டரம்மா, ஃபியோக்லாவும் செத்துடுச்சா?"

ரிம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா சிறுவர் பத்திரிகையில் மாதாமாதம் எழுதிவந்த கதையின் ஆட்டுக்குட்டிதான் ஃபியோக்லா. போன இதழில் அது ஒரு பனிப்பாளத்தின்மேல் நின்றபடி காமா ஆற்றோடு போய்விட்டது. அடுத்த இதழுக்கு மனிதர் ஒரு வரி எழுதவில்லை. மேசையைக் குடைந்து பார்த்தாயிற்று, மிட்டாய்த் தாள்கள்தான் கிடைத்தன. கதை முடிவைப் பெற்ற மகளிடம்கூட முன்கூட்டிச் சொல்லமாட்டார். அப்படி ஓர் அழுத்தக்காரர்!

"எழுதினவனே போயிட்டான், இனி ஆடு என்ன ஆனா என்ன?" என்றாள் அப்பாவின் அக்கா கப்பித்தலினா, உள்ளேயிருந்து. "சாவு வீட்டுல கேக்கற கேள்வியைப் பாரு!"

உஸ்தின்யாவின் உதடு பிதுங்கியது. அப்பாதான் போய்விட்டார். அவருடைய ஆட்டையும் சாகவிட்டால் இந்தப் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது?

"அதெல்லாம் சாகல! உள்ள வாங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் பல் வைத்தியம் பார்க்கிறவள். 'வலிக்கவே வலிக்காது' என்று தினமும் புளுகிப் பழகிய வாய்தான், ஆனாலும் கதை என்று ஒன்று சொன்னதே இல்லை. பிள்ளைகளுக்குப் பழச்சாறு ஊற்றிக்கொடுத்து ஆரம்பித்தாள்.

"பனிப்பாளம் போய் ரயில் பாலத்துல முட்டுச்சு."

"உடைஞ்சுடுமே!"

"உடைஞ்சுது. ரெண்டாப் போச்சு."

"ஐயையோ!"

ரிம்மாவுக்கு வியர்த்தது. "இருங்கடா! பாலத்துமேல ஒருத்தர் தூண்டில் போட்டுக்கிட்டிருந்தார். முள்ளு ஃபியோக்லா கழுத்துமணியில மாட்டிக்கிச்சு. பெரிய மீனுதான்னு இழுத்தா, மேலே வந்தது 'மே'ங்குது!"

மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "அந்தாளு நல்லாக் குடிச்சிருப்பான்!" என்றார் எதிர்வீட்டு இக்னாத்.

"அன்னிக்குக் குடியை விட்டவர்தான், இன்னும் தொடல," என்றாள் ரிம்மா.

வீடே சிரித்தது. கப்பித்தலினா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

"தாத்தா சொல்ற மாதிரி இல்ல," என்றாள் உஸ்தின்யா.

"தெரியும்டி கண்ணு." ரிம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆனா கரையேறிடுச்சுல்ல?"

"ஏறிடுச்சு."

உஸ்தின்யா தன் பழச்சாற்றுத் தம்ளரைத் தூக்கி, ரிம்மாவின் வோத்கா கிண்ணத்தில் 'டிங்'கென்று இடித்தாள். மேசை முழுக்கப் பேச்சு நின்றது. செத்தவருக்கான விருந்தில் கிண்ணத்தோடு கிண்ணம் இடிக்கவே கூடாது, அது உயிரோடு இருப்பவர்களுக்குக் குடிக்கும்போது மட்டும்தான்.

"தாத்தாவுக்கு இல்ல," என்றாள் உஸ்தின்யா. "ஃபியோக்லாவுக்கு."

திட்டுவதற்கென்றே வாயைத் திறந்த கப்பித்தலினா, மூடிக்கொண்டாள். பிறகு யாரையும் பார்க்காமல், தன் கிண்ணத்தை மெல்ல முன்னால் நீட்டினாள்.