சத்துமாவுக்குப் பக்கத்தில் வைத்த வடை

எலிக்கு மருந்து வைக்கப் போவதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் அதற்குக் காது கேட்டுவிடும், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காது. இதில் ஜெயம்மாளுக்குக் கடுகளவும் சந்தேகம் கிடையாது. வளவனூர் கடைத்தெருவில்கூட "அதுக்கு வைக்கிறது ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்டு வாங்கினாள். அவள் வீடு அங்கிருந்து அரை மைல். அவ்வளவு தூரத்து எலிக்கும் பயந்தாள்.

போன வியாழக்கிழமை, தூங்கிக்கொண்டிருந்த மருமகள் துர்காவின் குதிகாலை எலி கடித்துவிட்டது. துர்காவுக்கு இது ஏழாம் மாதம். முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டு வந்தார்கள். வழியெல்லாம் ஜெயம்மாள் வாயைத் திறக்கவில்லை. தன்னைக் கேட்காமல் மகன் மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண் என்று ஒரு வருஷமாகவே முகம்கொடுத்துப் பேசுவதில்லை. சோறு போடுவாள், வெந்நீர் வைத்துக் கொடுப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. வீம்பு பிடித்த பொம்பளை, வேறென்ன சொல்ல. ஆனால் அந்தக் குதிகாலைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது.

இன்று காலை ஒரு பருப்பு வடை வாங்கி, நடுவில் மருந்தைத் திணித்து, எலி கடித்துப் போட்டிருந்த துர்காவின் சத்துமாவு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்தாள். எலி வாய் வைத்த பாக்கெட்டைத் துர்கா தொடப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டாள். யாரிடமும் மூச்சு விடாமல், விழுப்புரத்தில் கல்யாண மண்டபம் கூட்டுகிற வேலைக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

பஸ் கோலியனூரில் நிற்கும்போது மகன் வெற்றிச்செல்வனின் போன் வந்தது. அவன் திண்டிவனத்தில் லோடு வண்டி ஓட்டுகிறான், காலையில் கூப்பிடுகிற வழக்கமில்லை. குரலில் சிரிப்பு இருந்தது.

"ம்மா, துர்கா போன் பண்ணா. மாவு பாக்கெட்ட தூக்கிப் போடலாம்னு போனாளாம். பக்கத்துல அவளுக்கு வடை வாங்கி வச்சிட்டுப் போயிருக்கியாமே. அழுதுக்கினே சொல்றாம்மா. குளிச்சிட்டு வந்து சாப்புடுறேன்னா."

"அந்த வடைய தின்ன வாணாம்னு சொல்லு. ஜல்தி" என்றாள் ஜெயம்மாள்.

ஏன் என்று கேட்டான். மருந்து என்ற சொல் தொண்டைவரை வந்தது. முன் சீட்டிலும் பின் சீட்டிலும் ஊர்க்காரர்கள். மாசமான பெண், பிடிக்காத மருமகள், மாமியார் வைத்த விஷ வடை. கேட்கிறவர்கள் எலிக்கு வைத்தது என்றா நினைப்பார்கள்? சொன்னதைச் செய் என்று மட்டும் சொன்னாள்.

ஒரு வடைக்கா இப்படி என்று கசந்துபோய் அவன் போனை வைத்துவிட்டான்.

அவள் துர்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மகனைக் கூப்பிட்டாள், வேறு அழைப்பில் இருந்தான். நகரத் தொடங்கிய பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, வளவனூருக்குப் போன ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டாள். மறுபடி கூப்பிட்டுப் பார்த்தாள், இரண்டு பேரும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணின் நம்பர் போனில் இருந்தது. அவளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் ஓடிப்போய் வடையைத் தட்டிவிடுவாள், அடுத்த நிமிடம் தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள். ஜெயம்மாள் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ ஆள் ஏற்ற இரண்டு இடத்தில் நின்றது. அப்போதும் அவள் விரல் அந்தப் பெயரை அழுத்தவில்லை.

வளவனூரில் இறங்கி, செருப்பு அறுந்ததைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

துர்கா ஈரத்தலையோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. வடை கையில் இருந்தது, கை வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. ஜெயம்மாள் பாய்ந்து தட்டிவிட்டாள். வடை சுவரில் பட்டு உடைந்து விழுந்தது.

"கடிச்சியா? நாக்குல பட்டுதா?"

துர்கா இல்லை என்று தலையாட்டினாள். "அம்மா தின்னக் கூடாதுன்றாங்க, நீ தின்னு, நான் பாத்துக்கிறேன்னு அவரு சொன்னாரு. ஒரு வடைதானே அத்தை."

தான் பாதி சொல்லி விழுங்கியது எப்படித் திரும்பி வந்திருக்கிறது என்று ஜெயம்மாளுக்குப் புரிந்தது.

"அதுல எலி மருந்து இருக்குதும்மா" என்றாள்.

துர்கா உடைந்து கிடந்த வடையைப் பார்த்தாள், பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். ஜெயம்மாள் அவளைத் தோட்டத்துக் குழாயடிக்கு இழுத்துப்போய், துணி சோப்பைப் போட்டு ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். ஒரு வருஷத்தில் அந்தக் கையைத் தொடுவது இதுதான் முதல் தடவை. எலிக்குக் கேட்டுவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை, உன் காலைக் கடித்ததே என்றுதான் வைத்தேன் என்று தேய்த்துக்கொண்டே சொன்னாள். துர்கா கையைக் கொடுத்துவிட்டு நின்றாள். நம்புகிறாள் என்றுதான் தோன்றியது.

"அவரு போன் பண்ணப்பவே சொல்லிருக்கலாமே அத்தை" என்றாள் துர்கா.

சிக்னல் இல்லை என்று ஒரு பொய் சொன்னால் முடிந்திருக்கும். ஜெயம்மாளுக்கு அது வாயில் வரவில்லை.

"பஸ்சுல ஆளுங்க இருந்தாங்கம்மா. மாமியாக்காரியே மருந்து வச்சிட்டான்னு பேசுவாங்கன்னு பயந்துட்டேன்."

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துர்கா கையை இழுத்துக்கொண்டாள். சோப்பை எடுத்து, மீதியைத் தானே கழுவினாள்.