கோட்டுக்கு வாய் நான்தான்

எங்கள் மேனேஜருக்கு ஆபீஸில் பட்டப்பெயர் கோட்டு. உச்சி வெயிலிலும் போட்ட கோட்டைக் கழற்றமாட்டார். அவரோடு வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போனேன். எங்கள் ஆபீஸில் ஒருவருக்கு அங்கே ஒரு வருடப் பயிற்சி. என் பெயரைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஊர் பாஷை படித்தவள் நான் மட்டும்தான் என்பதால் அவருக்கு வாயும் நானே.

விமானம் முழுக்க உபதேசம். "அங்க சத்தமா சிரிக்கக் கூடாதும்மா. உங்க வீட்ல இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்திருக்கப் போறா? என் மானத்த வாங்கிடாதே."

என் அப்பா மூட்டை தூக்குகிறவர். அதை நான் மறந்தாலும் இந்த மனிதர் விடமாட்டார்.

அந்த ஊர் மரியாதைகளை வீடியோவில் பார்த்துத் தயாராகித்தான் வந்திருந்தார். தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் செல்போனை அணைத்தார். நாற்காலியைக் காட்டும்வரை உட்காரவில்லை. குரல்கூடத் தேனில் ஊறியிருந்தது.

டீ குடித்தோம். "இங்கே அவரவர் கோப்பையை அவரவரே கழுவுவது வழக்கம்" என்றார் தலைமை இன்ஜினியர் அம்மா. சொல்லிவிட்டுத் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். வெல்டர்களும் அப்படியே. நான் கோட்டுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அவர் தன் கோப்பையை என் கையில் திணித்தார். "கழுவிடும்மா."

"சார், அவங்கவங்கதான் கழுவணுமாம்."

"அது அவங்களுக்கு. நீ நம்ம பொண்ணுதானே? எல்லாரும் பாக்குறாங்க, சீக்கிரம்."

ஊருக்கெல்லாம் மரியாதை, எனக்கு எச்சில் கோப்பை.

"என்ன சொல்கிறார்?" என்றார் இன்ஜினியர் அம்மா. மழுப்பியிருக்கலாம். எதற்கு? ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் ஸ்பாஞ்சை எடுத்துக் கோட்டிடம் நீட்டினார். இத்தனை பேர் பார்க்க, முழங்கை வரை நுரையோடு கழுவினார் கோட்டு. பிறந்ததிலிருந்து ஒரு டம்ளரைத் தொட்டதில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது.

டாக்ஸியில் வெடித்தார். "உன் பேரு போகாது. என் அக்கா பையன்தான் வருவான். நாளைக்கு மீட்டிங்ல நீயே சொல்லு."

வேறு வாய் அவருக்கு ஏது?

மறுநாள் சொன்னேன். "ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்டார்கள். காரணத்தையும் நானே சொன்னேன்.

இன்ஜினியர் அம்மா கோட்டைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "இந்தப் பெண் வருவதென்றால் வரட்டும். இல்லையென்றால் உங்கள் ஆபீஸிலிருந்து யாருமே வேண்டாம்." அதையும் கோட்டுக்கு மொழிபெயர்த்தேன்.

கோட்டு இதமாகச் சிரித்து, வீடியோவில் பார்த்தபடி நெஞ்சில் கை வைத்தார்.

"ரொம்ப சந்தோஷம்னு சொல்லும்மா."

சொன்னேன்.