பட்டியலில் இல்லாத பெயர்

எனக்கு வாய் நீளம். ஆரஞ்சு உரித்து விற்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் பழம் கூடையிலேயே அழுகும். அப்பேர்ப்பட்ட என் வாயும், அந்த ஜனவரி பதினைந்தாம் தேதி, படைவீரர் நினைவுநாளில், எங்கள் போக்கோ ஊர் நினைவுத்தூண் முன்னால் அடைத்துப்போனது.

என் பக்கத்துக் கடைக்காரி இவெரன். அவள் புருஷன் டெர்சூ உக்பா லைபீரியச் சண்டைக்குப் போய் இருபத்தெட்டு வருஷம். உடல் வரவில்லை. படைக் காகிதத்தில் 'காணவில்லை' என்று இருந்தது, ஊர் வாயில் அது 'ஓடிப்போனவன்' ஆனது. எங்கள் ஊரில் நினைவுநாளன்று இறந்தவர் பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள். பதில் வராது. "வீரமரணம்" என்று சொல்லி முடிப்பார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி எவனும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேச முடியாது. டெர்சூவை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

கூப்பிடுகிறவர் சார்ஜென்ட் இயோர்ஃபா, முன்னாள் வீரர் சங்கச் செயலாளர். டெர்சூவோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவர். வருஷா வருஷம் இவெரன் போய் நிற்பாள், அவரும் கையை விரிப்பார். அன்று காலையும் அதே கதை.

"பட்டியல்ல பேர் இல்லம்மா. நான் என்ன பண்ண?"

"ஏன் சார்ஜென்ட், ஒரு பேரைச் சொன்னா வாயிலேருந்து முத்து உதிர்ந்துருமா?" என்றேன் நான்.

"ஆரஞ்சுக்காரி, உன் வேலையப் பாரு."

இவெரன் என் கையைப் பிடித்தாள். "விடுடி. நாளைக்கு எம் பையனுக்குப் பொண்ணு பேசப் போறோம். ஏற்கெனவே ரெண்டு வீட்டுல 'ஓடிப்போனவன் மகன்'னு திருப்பி அனுப்பிட்டாங்க. இதுவும் போச்சுன்னு நினைச்சுக்கறேன்."

புழுதிக் காற்றில் பெயர்கள் வரிசையாகப் போயின. ஒரு கிழவி மகன் பெயரைக் கேட்டதும், "அவன் இல்லப்பா" என்று பதில் சொல்லிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

பட்டியல் முடிந்தது. ஊதுகிறவன் கொம்பை உதட்டுக்குக் கொண்டுபோனான். இயோர்ஃபா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கார்ப்பரல் டெர்சூ உக்பா!"

இவெரனின் நகம் என் கையில் இறங்கியது. இரண்டாம் முறை. மூன்றாம் முறை.  

"இவன் ஓடல," என்றார். "லைபீரியாவுல ஒரு பாலத்துல காவலுக்கு நாங்க ரெண்டே பேரு. ஜனங்க தாண்டுற வரைக்கும் இவன் நின்னான், நின்ன இடத்துலயே விழுந்தான். அதை நான் பார்த்தேன், ஏன்னா ஓடிக்கிட்டே திரும்பிப் பார்த்தவன் நான்தான். வீரமரணம்."

தொப்பியையும் பதக்கங்களையும் கழற்றித் தூணடியில் வைத்தார்.

துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். ஊருக்கு முன்னால் இப்படி நின்ற மனுஷனை அன்றுதான் பார்த்தேன். இருபத்தெட்டு வருஷம் ஒருத்தியை அழவிட்ட பாவி என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனாலும் தலை தானாகக் குனிந்தது.

இவெரன் அவரை நோக்கி நடந்தாள். அறையப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. தூணைப் பார்த்தபடி சொன்னாள்:

"இன்னொரு தடவ கூப்பிடுங்க."

அவர் கூப்பிட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கிழட்டு வீரர்கள், கட்டைக்கால் வைத்த ஒருவர் உட்பட, ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.