ஒவ்வொரு வருஷமும் ஒரு விருந்தாளி

1

இந்தக் கதை என்னுடையதில்லை. போச்சம்பள்ளியிலிருந்து ஓசூருக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில், பக்கத்து இருக்கை மேகலா சொன்னது. எங்கள் தொழிற்சாலைக்கு வரும் வியட்நாம்காரர்கள் அரைகுறை ஆங்கிலத்தில் பேசுவதை எங்களுக்குச் சொல்வதும், நாங்கள் பேசுவதை அவர்களுக்குச் சொல்வதும் அவள் வேலை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆகஸ்ட் பதினைந்து காலை, கொடி கம்பீரமாகப் பறந்து" — அடித்துவிட்டேன். அது பறப்பதற்கு முன்னால் நடந்ததுதான் கதை.

2

துயி, குவாங். புது இயந்திரங்களில் எங்களைப் பழக்க மூன்று மாதத்துக்கு வந்தவர்கள். துயிக்கு நாற்பது வயதிருக்கும். எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்பாள். சுதந்திர தினத்துக்கு விடுமுறை என்றதும், அன்று என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். கொடியேற்றி மிட்டாய் கொடுப்போம் என்றாள் மேகலா. பார்த்தே ஆகவேண்டும் என்றாள் துயி.

மேகலா இருவரையும் தன் ஊருக்குக் கூட்டிப்போனாள். உத்தனப்பள்ளியில் இறங்கி உள்ளே போகிற ஊர். (பெயர் வேண்டாம். அவள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறாள்.) குவாங் சட்டையில் காகிதக் கொடியைத் தலைகீழாகக் குத்தியிருந்தான். ஒரு சிறுமி வந்து நேராகக் குத்திவிட்டுப் போனாள்.

3

இங்கே மாதம்மாள் வர வேண்டும். ஊராட்சித் தலைவர். பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் ஜெயித்து நாலரை வருடம். ஒருமுறைகூட அவர் கொடியேற்றியதில்லை. ஓய்வுபெற்ற ராணுவக்காரர், வங்கி மேலாளர், ஓசூர் ரோஜாப் பண்ணை முதலாளி என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு விருந்தாளி. அழைத்து வருபவர் முன்னாள் தலைவர் திருமலை. மேகலாவுக்குப் பெரியப்பா. மாதம்மாள் பக்கத்தில் நின்று கைதட்டுவார். ஜனவரி தொடக்கத்தில் பதவிக்காலம் முடிகிறது. அவருக்கு இதுதான் கடைசிக் கொடி.

முதல் வரைவில் அவரை அழவைத்திருந்தேன். மேகலா படித்துவிட்டு, "அவங்க அழலக்கா" என்றாள். "செருப்பக் கழட்டி வச்சுட்டு, கயித்துல முடிச்சு சரியா இருக்கான்னு பாத்துட்டு நின்னாங்க."

4

துயியைப் பார்த்ததும் திருமலை முகம் மலர்ந்து வந்தார்.

"அவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்காங்க. அந்தம்மாவே ஏத்தட்டும், ஊருக்கே பெருமை. சொல்லு மேகலா."

மேகலா சொன்னாள். துயிக்கு வெட்கமும் சந்தோஷமும். அவள் படித்த பள்ளியில் நன்றாகப் படிக்கிறவர்களுக்குத்தான் கொடிக்கயிறு கிடைக்குமாம். அவளுக்குக் கிடைத்ததே இல்லையாம். போய்க் கயிற்றைப் பிடித்தும்விட்டாள். பக்கத்தில் நின்ற மாதம்மாளைப் பார்த்ததும், வழக்கமாக யார் ஏற்றுவார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஒவ்வொரு வருஷமும் ஒரு விருந்தாளி, என்றாள் மேகலா.

துயி மறுபடி ஏதோ கேட்டாள்.

அதை மேகலா தமிழில் சொல்ல வேண்டிய அவசியமில்லை. கேள்வி அவளிடம்தான் வந்தது. ஆனாலும் கூடியிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அப்ப வீட்டுக்காரங்க எப்ப ஏத்துவாங்கன்னு கேக்கறாங்க."

பேசிக்கொண்டிருந்தவர்கள் மாதம்மாளைப் பார்த்தார்கள்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப? நேரமாவுது" என்றார் திருமலை.

மாதம்மாள் அவர் பக்கம் திரும்பவில்லை. துயியைப் பார்த்தபடி சொன்னார்: "இன்னிக்குன்னு சொல்லு மேகலா."

மேகலா அதையும் சொன்னாள். துயி கயிற்றை மாதம்மாள் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் வரிசையில் போய் நின்றுகொண்டாள். மாதம்மாள் இழுத்தார். முதல் இழுப்பில் அவிழவில்லை. [இங்கே காற்றைப் பற்றி இரண்டு வரி இருந்தது. எடுத்துவிட்டேன்.] இரண்டாவதில் சாமந்திப்பூ அவர் தலையிலும் தோளிலும் கொட்டியது. அதைத் தட்டிவிடாமல் சல்யூட் அடித்தார்.

திருமலை மிட்டாய் வாங்காமல் போய்விட்டார்.

5

எழுதும்போது ஒரு சந்தேகம். துயியோடு நானும் வேலை செய்திருக்கிறேன். அவளுடைய ஆங்கிலம் ஒரு தடவைக்கு மூன்று நான்கு வார்த்தைகளுக்கு மேல் போகாது. இவ்வளவு கச்சிதமான ஒரு கேள்வியை அவள் கேட்டிருப்பாளா?

பஸ்ஸில் மேகலாவிடமே கேட்டேன். "துயி நெஜமா அதத்தான் கேட்டாளா?"

"ஏன்க்கா?"

"கதைக்குத் தெரியணும்."

அவள் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள்.

"பெரியப்பா இன்னும் எங்கூடப் பேசறதில்ல. அவரும் இதையேதான் ஆள் விட்டுக் கேட்டாரு."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

6

இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில், துயி கேட்டதைத்தான் மேகலா சொன்னாள். இன்னொன்றில், பூவை எதற்குக் கொடிக்குள் கட்டுகிறீர்கள் என்றுதான் துயி கேட்டாள். வீட்டுக்காரர்கள் எப்போது ஏற்றுவார்கள் என்பது மேகலாவின் கேள்வி.

எது சரி என்று குவாங்குக்குத் தெரியும். அவன் அருகில்தான் நின்றிருந்தான். இருவரும் ஊர் திரும்பிவிட்டார்கள், ஆனால் அவன் எண் என் கைபேசியில் இருக்கிறது. ஒரு வரி அனுப்பினால் பதில் வந்துவிடும். இதுவரை அனுப்பவில்லை.

உங்களுக்கு அந்த எண் வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன். எதற்கு என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.