தண்ணீர் படாத தொட்டி

என் வீட்டுக்காரர் மருதாசலம் இரண்டு வருஷம் லீவில் இருந்தார். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். "டீ மேக்கருங்க. இப்ப லீவு." அவர் தூளின் பதம் பார்த்து வேலை செய்த தேயிலை ஃபேக்டரியின் கேட்டில் பூட்டு துருப்பிடித்துவிட்டது. கூரைத் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே எருமை கட்டியிருந்தார்கள். ஆனாலும் இவருக்கு லீவுதான்.

தேயிலை விலை விழுந்த அந்த வருஷங்களில் குன்னூரைச் சுற்றி இப்படிப் பல ஃபேக்டரிகள் மூடின. பச்சைத் தேயிலைக்குக் கிடைத்த விலை, பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் பனியன் தைக்கத் திருப்பூருக்கு இறங்கிப் போனார்கள். அங்கே இருந்த என் அண்ணனும், "வந்துருங்க, மாடியில ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த ரூமையும் எனக்குத் தெரியும், அண்ணியையும் எனக்குத் தெரியும். அண்ணி முகத்தைப் பார்த்துக் காப்பி வாங்கிக் குடிப்பதைவிட ஊர்த்துணி துவைக்கலாம் என்று நான் முடிவு செய்தேன்.

பக்கத்தில் ஒரு விருந்தினர் விடுதி. அதன் மேனேஜர் செலஸ்டின் சார், படுக்கை விரிப்பும் தலையணை உறையும் வெளுத்துத் தர ஆள் தேடிக்கொண்டிருந்தார். "மழைக்காலத்துல சொன்ன நாளுக்குக் காய வெச்சுக் குடுத்தா வருஷம் பூரா வேலை உங்களுக்குத்தான். முதல் லோடைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். ஜூலை மாதம் எங்கள் ஊரில் ஒரு உள்பாவாடை காயவே நாலு நாள் ஆகும். அதனால் வீட்டின் பின்பக்கம் கூரை இறக்கிய சாய்ப்பைச் சலவை அறையாக மாற்ற வேண்டியிருந்தது. கையில் இருந்தது என் சீட்டுப் பணம் மட்டும்.

"புதுசா ஒண்ணும் வாங்க வேண்டாம். பழைய சாமானத்துலயே முடிச்சுக் காட்டறேன்" என்று இவர் எழுந்தார். இரண்டு வருஷத்தில் இவர் தானாக எழுந்தது அதுதான் முதல் தடவை. அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

பழைய இரும்புக்கடை சின்னராஜின் வண்டி மூன்று தடவை வந்து போனது. முதலில் வந்தது, ஏதோ எஸ்டேட் பங்களாவில் துரைமார் குளித்த தொட்டி. சிங்கத்தின் கால் வைத்தது, அதிலும் ஒரு காலைக் காணோம். அந்த மூலைக்குச் செங்கல் வைத்து, துணி ஊறப்போட அதை நிறுத்தினார். அடுத்தது தேயிலைப் பெட்டிப் பலகைகள். அவற்றைச் சுவரில் அடித்தபோது உள்பக்கத்து ஈயத்தாள் வெளியே தெரிய, சாய்ப்பு கல்யாண மண்டபம் போல மினுமினுத்தது. கடைசியாக வந்ததுதான் டிரஃப். கொழுந்தைக் கம்பி வலைமேல் பரப்பி, அடியில் காற்று ஊதி வாடவைக்கும் நீளத் தொட்டி. இவருடைய பழைய ஃபேக்டரியில் இருந்தது. அதை வாசலில் இறக்கியபோது இவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

யோசனை நல்ல யோசனைதான். அதை நான் மறுக்கவில்லை. அடியில் விறகு அடுப்பின் குழாய், ஒரு முனையில் பழைய ஃபேன், வலைமேல் விரிப்புகள். முதல் லோடைப் பரப்பிவிட்டு இவர் கொழுந்தைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். ஒரு தலையணை உறையைக் கைக்குள் கசக்கி, கசக்கிய பிடி தானாக விரிகிறதா என்று கவனித்து, மூக்கருகே கொண்டுபோய், "இன்னும் நாப்பது நிமிசம் வாடோணும்" என்றார். துணி காய்வது என்ற வார்த்தையே இவர் வாயில் வரவில்லை. மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டு, நேரத்தைப் பலகையில் சாக்பீசால் எழுதினார்.

மாலையில் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு விரிப்பிலும் கறுப்பும் பழுப்புமாகக் கட்டம் கட்டமாக வலை அச்சு. வருஷக்கணக்கில் கம்பியில் ஊறிய தேயிலைச் சாறும் துருவும் ஈரத்தில் சேர்ந்து மையாக இறங்கியிருந்தன.

"டிரஃபைக் கழுவுனீங்களா இல்லையா?"

"சீமாறு போட்டுக் கூட்டி எடுத்தனே."

"தண்ணி ஊத்துனீங்களா?"

"டிரஃபுக்கு எவனாச்சும் தண்ணி ஊத்துவானா?" என்று என்னையே கேட்டார். ஃபேக்டரிக்காரர்கள் எல்லோருக்கும் அது வேதம். டிரஃபைக் கூட்டலாம், துடைக்கலாம், தண்ணீர் மட்டும் படக் கூடாது. துணி துவைக்கிற அறையில் தண்ணீர் படாத ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்த மனுஷன் இந்த மலையிலேயே இவர் ஒருத்தர்தான்.

விரிப்புகளைப் பார்த்து செலஸ்டின் சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "வெள்ளிக்கிழமை நானே வர்றேன். வெள்ளையா இருந்தாப் பார்ப்போம். இல்லாட்டி ஊட்டியில மெஷின் லாண்டரிக்குக் குடுத்துடறேன்" என்றார். வெள்ளிக்கு மூன்று நாள். அதற்குள் முடியாவிட்டால் திருப்பூர் மாடிதான், அண்ணி காப்பிதான்.

இரண்டு நாள் எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் எரிந்தது. கறை போனது. வியாழக்கிழமை காலையில் துரைத் தொட்டி நிறைய வெள்ளைத் துணி, வெளியே பத்தடி தள்ளி ஒன்றும் தெரியாத மூடுபனி. டிரஃபை விட்டால் காயவைக்க வழியில்லை. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். இவர் குறுக்கே நின்றார்.

"வேண்டாம் மல்லிகா. தண்ணி பட்டா கொழுந்து புளிச்சுப் போகும்."

"எந்தக் கொழுந்துங்க?" என்றேன்.

அவர் வலையைத் தடவிக்கொண்டே நின்றார்.

"ஃபேக்டரி தொறந்தா இதத் திருப்பிக் கேப்பாங்க" என்றார் கடைசியில். "கேட்டா இங்க பத்தரமா இருக்குதுன்னு சொல்லுன்னு சின்னராஜுகிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன்."

எனக்கு அதுவரை இருந்த கோபம் போய் பயம் வந்தது. லீவு என்று இவர் சொன்னதெல்லாம் ஊருக்குச் சொன்ன பொய் என்று நினைத்திருந்தேன். அந்தப் பொய்யை நானே எத்தனை தடவை பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இவர் நிஜமாகவே லீவில் இருந்திருக்கிறார்.

"எருமை கட்டியிருக்கறாங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"பார்த்தேன்" என்றார்.

என் கையிலிருந்த வாளியை அவரே வாங்கி ஊற்றினார். அடியில் வழிந்த தண்ணீர் நல்ல டீ நிறத்தில் இருந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி மோந்து பார்த்து, வாயில் வைத்துத் துப்பினார். வேறு நாளாக இருந்தால் அதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பேன். அன்றைக்குக் கேலி வாயில் வரவில்லை. அவர் பிரஷை எடுத்தார். பதினோரு வாளி ஊற்றிய பிறகு தண்ணீர் தெளிந்தது. வலைமேல் என் பழைய சேலைகளை இரண்டு மடிப்பாக விரித்துவிட்டு, துணியை அவற்றின்மேல் போட்டோம்.

வெள்ளிக்கிழமை செலஸ்டின் சார் ஒவ்வொரு விரிப்பையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "திங்கக்கிழமை அடுத்த லோடு வரும்" என்றார். கிளம்புகிறபோது ஈயத்தாள் சுவரையும் டிரஃபையும் பார்த்து நின்றார்.

"ஃபேக்டரி சாமானாச்சே இது. நீங்க எங்க வேலை பார்க்கறீங்கண்ணா?"

டீ மேக்கர், லீவு என்ற பழைய பாட்டுக்காக நான் காத்திருந்தேன்.

"இங்கதானுங்க" என்றார் இவர். "துணி காயப் போடறேன்."

இரண்டு வருஷம் அந்த லீவைக் கேட்டுக் கேட்டு எரிந்தவள் நான். அன்றைக்கு ஒரே ஒரு தடவை அதை அவர் சொல்லியிருக்கலாம் என்று இருந்தது.